எடை ஒண்ணுதான், ஆளு வேற

அக்கா பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கடத்தூரில் யார் கேட்டாலும் அக்கா சொல்ற பதில் ஒண்ணுதான்: "மருந்து ஆராய்ச்சிக் கம்பெனில எடை போடறான்." கேட்டவங்க முகத்துல ஒரு சின்ன ஏமாற்றம் வரும் பாருங்க, அதைப் பார்க்கவே ஊருக்குப் போகலாம். எங்கப்பா புளி மண்டியில முப்பது வருஷம் எடை போட்டவர். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவர். பேரன் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. எல்லாம் முடிச்சுட்டு அதே வேலைக்குப் போயிருக்கான்னா ஊர் சும்மா இருக்குமா? "அப்புறம் நடுவுல எதுக்குங்க இத்தனை வருசப் படிப்பு?"ன்னு வெத்தலைச் சந்தையில ஒருத்தர் என்கிட்டயே கேட்டார்.

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. அவன் பார்க்கறது எடை போடற வேலையேதான். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. பாடப்புத்தகத்துல நிறை நிறமாலையியல்னு போட்டிருப்பாங்க. வாய்க்குள்ள நுழையாது, அதனால இந்தப் பதிவு முழுக்க எடை மிஷின்னே சொல்லிக்கறேன். மூட்டைக்குப் பதிலா மூலக்கூறு, கிலோவுக்குப் பதிலா டால்டன். ஹைட்ரஜன் அணு ஒண்ணு 1 டால்டன். தண்ணி 18. குளுக்கோஸ் 180. எங்க அம்மா தினமும் ரெண்டு வேளை போட்டுக்கற இன்சுலின் 5808.

இன்சுலினைச் சொன்னதால அம்மா கதையையும் இங்கேயே சொல்லிடறேன். இந்த விஷயத்துல என்னை இழுத்துவிட்டதே அதுதான்.

2012 கோடையை தமிழ்நாட்டுல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. கரண்ட் இருக்கற நேரத்தை விரல் விட்டு எண்ணின காலம். எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் அப்ப ஒரு அலமாரி, அவ்வளவுதான். மண்பானையில ஈர மணலைப் போட்டு அதுக்குள்ள இன்சுலின் பாட்டிலை வெச்சிருந்தாங்க. அந்த மே மாசம் அம்மாவுக்கு சர்க்கரை 400ஐத் தாண்டுச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே தீர்ப்பு: வாயைக் கட்டலை. மாம்பழ சீசன் வேற, சாட்சியே தேவையில்லை. ஊசியோட அளவைக் கூட்டினாங்க, அப்பவும் இறங்கலை, இன்னும் கூட்டினாங்க. அந்த பாட்டில் தீர்ந்து புது பாட்டில் பிரிச்ச அன்னைக்கு, கூட்டின அதே அளவைப் போட்டுக்கிட்டுப் படுத்தவங்க, விடியக்காலையில வேர்த்துக் கொட்டி நாக்கு குழறிக் கிடந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்து சர்க்கரைத் தண்ணி கொடுத்ததால பொழைச்சாங்க. நான் ஓசூர்ல இருந்து போய்ச் சேரும்போது எழுந்து உட்கார்ந்து, வந்தவங்களுக்கு டீ போடச் சொல்லிட்டிருந்தாங்க.

பழைய பாட்டில் சூட்டுல கெட்டுப்போயிருக்கணும், அதனாலதான் அளவு கூடக் கூட ஏறலைன்னு எல்லாருக்கும் பிற்பாடு தோணுச்சு. ஆனா அம்மாவுக்கு அது தோணல் போதாது. அவங்க மேல ஒரு குத்தம் சாட்டியிருக்கே! பேரன் இந்த வேலையில சேர்ந்ததும் முதல்ல கேட்டது சம்பளத்தைப் பத்தி இல்லை. "ஏன் சாமி, அன்னைக்குக் கெட்டது அந்த மருந்தா, நானா? உன் மிஷின்ல வெச்சா தெரிஞ்சிருக்குமா?"

"எடையைப் பார்த்து சொல்ல முடியாது ஆயா. கெட்டுப்போன இன்சுலினும் அதே எடைதான் இருந்திருக்கும்."

அம்மா அவனைப் பார்த்த பார்வையில "இதுக்கா இத்தனை படிப்பு" இருந்துச்சு. எனக்கும் அதே சந்தேகம்தான். அப்புறம் அவனைப் பிடிச்சு உட்கார வெச்சு, நாலஞ்சு தடவை ஊருக்கு வந்தப்ப எல்லாம் கேட்டுக் கேட்டு நான் புரிஞ்சுக்கிட்டதுதான் இனி வர்றது. பிழை இருந்தா அது அவனோடது :-)

முதல்ல பெப்டைடு. அமினோ அமிலம்னு இருபது வகை. அதை பூ மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்தா கிடைக்கற சரம்தான் பெப்டைடு. சரம் ரொம்ப நீளமாச்சுன்னா அதுக்குப் பேர் புரதம். இன்சுலின்ல 21 பூ ஒரு சரம், 30 பூ இன்னொரு சரம், ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கும். இந்த வரிசையை 1950களில் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஃப்ரெடரிக் சாங்கருக்கு 1958ல் நோபல்.

இந்த மாதிரி சரத்தை எடை போடறது லேசுப்பட்ட காரியமா இல்லை. மிஷின் எடை பார்க்கணும்னா மூலக்கூறு காத்துல பறக்கணும், மின்னூட்டம் ஏறியிருக்கணும். அப்பதான் வெற்றிடத்துல ஓடவிட்டு, எது எவ்வளவு வேகமா வருது, எவ்வளவு வளையுதுன்னு பார்த்து எடையைக் கணக்குப் போட முடியும். சின்ன மூலக்கூறை சூடாக்கினா ஆவியாகும். பெப்டைடைச் சூடாக்கினா கருகும். ரொம்ப காலம் இங்கேயே முட்டிக்கிட்டு நின்னாங்க. அமெரிக்காவுல ஜான் ஃபென், மருந்தைக் கரைச்ச தண்ணியை மின்சாரம் ஏத்தின ஊசி முனை வழியா சாரல் மாதிரி பீச்சினார். துளி காஞ்சு காஞ்சு கடைசியில மூலக்கூறு மட்டும் மின்னூட்டத்தோட மிஞ்சும். ஜப்பான்ல கொய்ச்சி தனாகா, ஷிமாட்ஸு கம்பெனி இன்ஜினியர், 1985ல் கோபால்ட் பொடியில தப்பா கிளிசரினை ஊத்திட்டார். விலை கூடின பொடியாச்சேன்னு கீழே கொட்ட மனசு வராம அதையே லேசர்ல அடிச்சுப் பார்த்தா, பெரிய மூலக்கூறு உடையாமப் பறக்குது! ரெண்டு பேருக்கும் 2002ல் நோபல். வீணாக்காத குணத்துக்கு நோபல் கிடைச்சது அனேகமா அது ஒருதடவைதான். (எங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க.)

சரி, எடை தெரிஞ்சுடுச்சு. அதை வெச்சு என்ன பண்றது?

இங்கேதான் அந்தப் பையன் எனக்கு ஒரு விஷயம் காட்டினான். சாதாரண மனித இன்சுலின் 5808 டால்டன். இன்சுலின் லிஸ்ப்ரோன்னு 1996ல் அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஒண்ணு இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டா சட்டுன்னு வேலை செய்யும். அதோட எடை? அதுவும் 5808. புள்ளிக்கு அப்புறம் எத்தனை இடம் போனாலும் வித்தியாசம் கிடையாது. ஏன்னா நீளமான சரத்தோட வால்ல 28ஆவதா இருந்த புரோலினையும் 29ஆவதா இருந்த லைசினையும் இடம் மாத்திக் கட்டியிருக்காங்க, அவ்வளவுதான். மல்லியையும் கனகாம்பரத்தையும் மாத்திக் கோர்த்தா சரத்தோட எடையா மாறும்? ஆனா குணம் மாறிடுச்சு. சாதா இன்சுலின் பாட்டிலுக்குள்ள ஆறு ஆறா, நடுவுல துத்தநாகத்தை வெச்சுக்கிட்டு கூட்டமா கட்டிப்பிடிச்சு உட்கார்ந்திருக்கும். ஊசி போட்டப்புறம் கூட்டம் கலைஞ்சு தனித்தனியா ரத்தத்துல சேர நேரமாகும். லிஸ்ப்ரோ அந்த வால் மாறினதால சரியாக் கட்டிப்பிடிக்க மாட்டாம சீக்கிரம் கலைஞ்சு போயிடும். எடை ஒண்ணுதான், ஆளு வேற.

அப்ப ரெண்டையும் எப்படிப் பிரிச்சுச் சொல்றது? எங்கப்பா இதுக்குப் பதில் சொல்லியிருப்பார். ரெண்டு மூட்டையும் 50 கிலோ காட்டும், ஒண்ணு நல்ல சதைப்புளி, இன்னொண்ணு பாதி கொட்டையும் ஓடும். தராசு ரெண்டையும் ஒண்ணுன்னுதான் சொல்லும். அப்பா மூட்டையை அவிழ்த்து அடி வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். மிஷினும் அதையேதான் செய்யுது. முழுசா எடை போட்டதும், வாயுவோட மோதவிட்டு உடைக்கும். உடைஞ்ச துண்டுகளை மறுபடி எடை போடும். பெப்டைடு சரம் புரோலினுக்கு முன்னாடி சுலபமா உடையும். சாதா இன்சுலின்ல அங்கே உடைஞ்சா வால்ல மூணு பூ மிஞ்சும், எடை 345. லிஸ்ப்ரோவுல ரெண்டே ரெண்டு, எடை 217. அந்த 217 தெரிஞ்சா இது லிஸ்ப்ரோ. முடிஞ்சது கதை.

வரிசை தெரிஞ்சா போதுமான்னா, அதுவும் போதாது. இனிமேதான் இருக்கு வேடிக்கை.

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கடல்ல கூம்பு மாதிரி ஒரு சங்கு உண்டு, கோனஸ் இனம். பார்க்க அழகா, வீட்டு ஷோகேஸ்ல வைக்கற மாதிரி இருக்கும். உள்ளே இருக்கற நத்தை ஈட்டி மாதிரி பல்லால குத்தி விஷத்தை ஏத்தும். மீனையோ புழுவையோ இன்னொரு நத்தையையோ அப்படியே செயலிழக்க வெச்சுச் சாப்பிடும். அந்த விஷத்துல நூத்துக்கும் மேல பெப்டைடு கலந்திருக்கும். பிலிப்பைன்ஸ்ல பிறந்த பால்டோமெரோ ஒலிவேரா அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல இதை ஆராய்ச்சி பண்ணினார். அவர் குழு கண்டுபிடிச்ச ஒண்ணுதான் 2004 டிசம்பர்ல சிகோனோடைடுங்கற வலி மருந்தா அனுமதி வாங்கிச்சு. மார்ஃபினுக்கும் அடங்காத வலிக்கு, முதுகுத்தண்டு நீர்ல நேரா செலுத்தறது. மொத்தமே 25 பூ.

நம்ம கடல் சங்குகளை ஆராய்ச்சி பண்ணினது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல பேராசிரியர் பி. பலராம் குழு. மும்பை டாடா இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் கூட்டு. 2003ல் கோனஸ் அமாடிஸ்ங்கற சங்கோட விஷத்துல இருந்து, நரம்பு செல்லோட சோடியம் வாசல்ல கை வைக்கற ஒரு பெப்டைடைப் பத்தி எழுதினாங்க.

இந்தச் சங்கு பெப்டைடுகள்ல என்ன சிக்கல்னா, முடிச்சு. சிஸ்டீன்னு ஒரு பூ இருக்கு, ரெண்டு சிஸ்டீன் சேர்ந்தா ஒரு முடிச்சு விழும். ஆறு சிஸ்டீன் இருந்தா மூணு முடிச்சு. (கல்யாணக் கணக்குதான்.) யாரோட யார் சேரலாம்னு கணக்குப் போட்டா 15 விதம் வருது. அதுல சங்கு போடறது ஒரே ஒரு விதம். மத்த 14ம் அதே பூ, அதே வரிசை, அதே எடை, வடிவம் மட்டும் வேற. ஒவ்வொரு முடிச்சுக்கும் ரெண்டு ஹைட்ரஜன் போயிடும், அதனால மூணு முடிச்சுக்கு எடையில 6 டால்டன் குறையும். அதாவது எத்தனை முடிச்சுன்னு எடை சொல்லிடும், எதுக்கும் எதுக்கும் முடிச்சுன்னு சொல்லாது. முடிச்சை அவிழ்க்காமலே சரத்தை உடைச்சு, எந்தத் துண்டு எந்தத் துண்டோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு பார்த்துச் சொல்ற வழியை பலராம் குழு 2010ல் எழுதியிருக்காங்க. ஆய்வகத்துல மருந்துக்காக இந்தச் சரத்தைச் செயற்கையா கட்டறவங்களுக்கு இது உயிர் நாடி. தப்பு முடிச்சு விழுந்தது வேலைக்கு ஆகாது.

இதைவிடக் குசும்பும் உண்டு. கான்ட்ரிஃபான்னு ஒரு சங்கு பெப்டைடு, அதுல இருக்கற டிரிப்டோஃபான் கண்ணாடியில தெரியற பிம்பம் மாதிரி இடம் வலம் மாறினது. இயற்கையில வழக்கமா இருக்கறது இடக்கைன்னா இது வலக்கை. இடக்கைக்கும் வலக்கைக்கும் எடையில என்ன வித்தியாசம் சொல்வீங்க?

இப்ப வடிவத்துக்கு வருவோம். உடைச்சா வரிசை தெரியும், ஆனா உடைச்சப்புறம் வடிவம் ஏது? உடைக்காம வடிவத்தைக் கேட்கறதுக்கு ரெண்டு உபாயம் வெச்சிருக்காங்க.

ஒண்ணு, கனநீர்ல ஊற வைக்கறது. மண்டி வாசல்ல அட்டி போட்ட புளி மூட்டை மேல திடீர்னு மழை பெஞ்சா என்ன ஆகும்? வெளிப்பக்கம் இருக்கற மூட்டை நனைஞ்சு எடை கூடும், உள்ளே இருக்கறது அப்படியே இருக்கும். அட்டியைக் கண்ணால பார்க்காதவன்கூட, மறுநாள் ஒவ்வொரு மூட்டையா எடை போட்டு எது வெளியே இருந்துச்சு எது உள்ளே இருந்துச்சுன்னு சொல்லிடலாம். கனநீர்ல சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலா டியூட்டீரியம், எடை ரெண்டு மடங்கு. பெப்டைடோட வெளியே தெரியற ஹைட்ரஜன்கள் சீக்கிரம் இடம் மாத்திக்கும், மாறினது ஒவ்வொண்ணுக்கும் 1 டால்டன் கூடும். மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கறது லேசுல மாறாது. கொஞ்ச நேரம் ஊற வெச்சு, சட்டுன்னு அமிலத்தைச் சேர்த்து, பனிக்கட்டிக் குளிர்ல நிறுத்தி, எடை பார்க்கணும். தாமதமாச்சுன்னா நனைஞ்சது காஞ்சு போயிடும்.

இன்னொண்ணு, வாயு நிரம்பின குழாய்ல நடக்க விடறது. சந்தைக் கூட்டத்துல கையைக் கட்டிக்கிட்டு ஒடுங்கிப் போறவர் சீக்கிரம் அந்தப் பக்கம் போயிடுவார். அதே எடை ஆள், தலையில கூடையும் கக்கத்துல முறமுமா போனா இடிபட்டு இடிபட்டு லேட்டாத்தான் போய்ச் சேருவார். ஒடுங்கி மடிஞ்ச பெப்டைடு முதல்ல வரும், விரிஞ்சது பின்னாடி வரும். எடை ஒண்ணா இருந்தாலும் வந்து சேர்ற நேரம் காட்டிக்கொடுத்துடும்.

எனக்கு இதுல பிடிச்சதே இதுதான். மிஷினுக்குத் தெரிஞ்சது எடை மட்டும். கேள்வியை மாத்தி மாத்திக் கேட்டு அந்த ஒரே பதிலை வெச்சே வடிவத்தைப் பிடுங்கிடறாங்க.

அடுத்தது வேகம். மருந்து தேடறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு பெப்டைடு இல்லை, ஆயிரக்கணக்குல பார்க்கணும். ஒரு பூவை மாத்தி, ரெண்டை மாத்தி, முடிச்சை மாத்தி. 384 குழி இருக்கற உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. வழக்கமான முறையில ஒரு குழிக்கு பத்து நிமிஷம்னு வெச்சா, ஒரு தட்டு முடிய 64 மணி நேரம். இப்ப ஒலி அலையால குழியில இருந்து கண்ணுக்குத் தெரியாத துளியை மேலே துள்ள வெச்சு, அதை நேரா மிஷினுக்குள்ள அனுப்பறாங்க. ஏறக்குறைய செகண்டுக்கு ஒண்ணு. தட்டு ஏழு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். இன்னொரு முறையில, நோய்க்குக் காரணமான புரதத்தோட நிறைய மூலக்கூறுகளைக் கலந்து விட்டு, ஒட்டாததைக் கழுவிட்டு, ஒட்டிக்கிட்டது எதுன்னு எடையை வெச்சே அடையாளம் கண்டுபிடிக்கறாங்க.

கேட்கறப்ப பிரமாதமா இருக்கு. ஆனா கவனிச்சீங்கன்னா, வேகமா ஓடறப்ப மிஷின் பெரும்பாலும் வெறும் எடையைத்தான் பார்க்குது. லிஸ்ப்ரோவும் சாதாவும் ஒண்ணாத் தெரியற அதே எடை. வடிவத்தைக் கேட்கற கனநீர் வேலைக்கு இப்ப ரோபோ வந்துடுச்சுன்னாலும் அது நிதானமாத்தான் நடக்கும். "அதுதான் மாமா எங்க தலைவலியே. வேகமா ஓட்டினா குருடு, பார்த்து ஓட்டினா மாட்டு வண்டி"ன்னான். அதனால வேகமானதை வெச்சு ஆயிரத்தை நூறாக்கி, மெதுவானதை வெச்சு நூறை நாலஞ்சாக்கறாங்க. முதல் சல்லடையில நல்லது ஒண்ணு நழுவிப் போயிருந்தா யாருக்கும் தெரியப்போறதில்லை. எனக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தலாத்தான் இருக்கு.

வடிவத்தைப் பத்தின அறிவு நம்ம ஊருக்குப் புதுசு இல்லைங்கறதையும் சொல்லணும். சரம் எந்தெந்தக் கோணத்துல மடங்கலாம், எதுல மடங்கக்கூடாதுன்னு 1963ல் சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் போட்ட படம்தான் உலகம் பூரா ராமச்சந்திரன் படம்னு பேர் வாங்கிச்சு. எய்ப்னு ஒரு அமினோ அமிலம், சாதாரண அலனினைவிட 14 டால்டன் கூட. இது நுழைஞ்சா சரத்துக்கு அந்தப் படத்துல நகர இடமே இருக்காது, சுருளாத்தான் மடங்கும். பலராம் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின சரக்கு இது. 2017ல் வந்த செமாக்ளூடைடு, இன்னைக்கு எல்லாரும் பேசற வாராந்திர சர்க்கரை ஊசி, அதுல ஒரு அலனினுக்குப் பதிலா இந்த எய்ப் உட்கார்ந்திருக்கு. உடம்புல இருக்கற கத்திரி அந்த இடத்துல வெட்ட முடியாது. ரெண்டு நிமிஷத்துல பாதி காலியாகற சரக்கு, இதாலயும் கூடவே ஒட்டின கொழுப்பு வாலாலயும் ஒரு வாரம் தாங்குது.

இப்ப அம்மா கேள்வி. சூட்டுலயும் குலுக்கல்லயும் இன்சுலின் மடிப்பு அவிழ்ந்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, நார் நாரா திரளும். திரண்டது ரத்தத்துல வேலை செய்யாது. ஆனா அந்த நாரைக் கரைச்சுப் பிரிச்சு எடை போட்டா பழைய 5808தான் காட்டும். பூ உதிரலை, வரிசை மாறலை, வடிவம் மட்டும் போச்சு. பையன் முதல் நாள் சொன்னது அந்த அர்த்தத்துல. ஆனா கனநீர்ல ஊற வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நாருக்குள்ள மாட்டிக்கிட்ட ஹைட்ரஜன் மாறாது, எடை ஏறாம நிக்கும். கரைசல்ல எவ்வளவு நல்ல இன்சுலின் மிச்சம்னு அளந்திருந்தாலும் குறைஞ்சது தெரிஞ்சிருக்கும். இதை அவன் அம்மாவுக்கு விளக்கி, "உன்மேல தப்பு இருந்திருக்காது ஆயா, ஆனா அந்த பாட்டில் இப்ப இல்லை"ன்னான். குப்பையில போய் பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆன பாட்டில். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இருந்திருக்காதா, இல்லையா, ஒண்ணு சொல்லு"ன்னாங்க. அவனால அதுக்கு மேல சொல்ல முடியலை.

வீட்டுல இன்சுலின் வெச்சிருக்கறவங்களுக்காக ஒண்ணு. (நான் டாக்டர் இல்லை, உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.) தெளிவா இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கினா தூக்கிப் போடலாம், சரி. அம்மா போடறது 30/70. அது இயல்பாவே பால் மாதிரிதான் இருக்கும், கலங்கலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மெதுவா உருட்டினப்புறமும் கட்டி கட்டியா நின்னாலோ, கண்ணாடியில உப்புப் பூத்த மாதிரி ஒட்டினாலோ சந்தேகப்படணும். பிரிச்ச பாட்டில் 30 டிகிரிக்குள்ள இருந்தா பொதுவா நாலு வாரம். பிரிச்ச தேதியை அம்மா பாட்டில் மேல பால்பாயின்ட் பேனாவுல எழுதி வைக்கறாங்க, மண்பானையும் இன்னும் இருக்கு.

பையன் இப்ப ஓட்டிட்டு இருக்கற தட்டுல, ஃப்ரிட்ஜ் இல்லாம தாக்குப்பிடிக்குமான்னு பார்க்க 40 டிகிரியில வெச்ச பெப்டைடுகள் இருக்காம். ஒரே சரத்துல அங்கங்கே ஒரு பூவை மாத்தினது. வாரம் ஒரு தடவை எடுத்து, வேகமான மிஷின்ல ஒண்ணு, கனநீர்ல ஒண்ணுன்னு பார்க்கறான். அது என்ன மருந்துன்னு சொல்ல மாட்டேங்கறான், கம்பெனி ரகசியமாம். நாலாவது வாரத் தட்டு வர்ற செவ்வாய்க்கிழமை.